முடிவு ரைடருடையது

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

ஆண்டு மலரில் விளையாட்டைப் பற்றிய பக்கங்கள் வருவது புதிதன்று. பெற்ற கோப்பைகளின் பட்டியலும், உடற்கல்வி இயக்குநர் நடுவில் அமர்ந்திருக்க அணியினர் கைகட்டி நிற்கும் புகைப்படமும் ஆண்டுதோறும் வருகின்றன. தோல்வியைப் பற்றி மட்டும் எவரும் எழுதுவதில்லை. நான் எழுத முற்பட்டிருப்பது ஒரு தோல்வியைப் பற்றித்தான். அதிலும் என் வாயால் வந்த தோல்வியைப் பற்றி. பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையிலான கபடிப் போட்டிக்காகப் புதுச்சேரி சென்றோம். நம் ஊரின் அமைப்பு அனைவரும் அறிந்ததே. பூவம் தாண்டினால் தமிழ்நாடு. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே போய், ஏறக்குறைய 130 கிலோமீட்டர் கடந்த பின்புதான் மீண்டும் நம் புதுச்சேரி. நான்கு மணி நேரம் பேருந்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வந்தவர்கள், இறங்கியதும் காலை நீட்டிக் கபடி ஆட வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆட்டத்தில் தோற்றதற்குப் பேருந்து காரணமும் அன்று.

ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன. நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசி ரைடு. அணித்தலைவனான நான் அவுட்டாகி, வெளியே அமரும் கட்டத்தில் இருந்தேன். களத்திலிருந்து பாடிப் போனவன் முதலாண்டு மாணவன். கடற்கரைக் கிராமத்துப் பையன். அவன் தந்தையார் விசைப்படகில் தொழில் செய்பவர். ஒல்லியான உடம்பு, ஆனால் கண் இருக்கிறதே, அது கழுகின் கண். எதிரணியில் ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேரோ ஏழு பேரோ நின்றால் போனஸ் உண்டு என்பது கபடி பார்க்கும் அனைவருக்கும் தெரியும். போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலைத் தரையினின்று தூக்கிவிட்டால் ஒரு புள்ளி. ஒரு புள்ளி வந்தால் ஆட்டம் சமன்.

"போனஸ்! போனஸ்!" என்று கத்தினேன். நான் கத்தியதும் எங்கள் கல்லூரியிலிருந்து வந்திருந்த பன்னிரண்டு பேரும் கத்தினார்கள். அவன் காலை நீட்டினான். எதிரணியின் இடது கார்னர் அந்தக் கணுக்காலைக் கவ்விப் பிடித்தான். மற்ற ஐவரும் மேலே விழுந்தனர். ஆட்டம் முடிந்தது.

திரும்பும் பேருந்தில் அவனிடம் எவரும் பேசவில்லை. பேசாமலிருந்தது கூட இருக்கட்டும், சிதம்பரத்தில் தேநீர் குடிக்க இறங்கியபோது, "கார்னர் அங்கேயே நிக்கிறான், கண்ணு தெரியலையாடா உனக்கு?" என்று கேட்டவனும் நானே. அவன் பதில் சொல்லவில்லை. அதன்பின் அவன் மைதானத்துக்கும் வரவில்லை.

பத்து நாள் கழித்து, நண்பர் ஒருவர் கைப்பேசியில் எடுத்திருந்த காட்சியைப் பார்த்தேன். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். அந்தக் கார்னரின் முன்காலில் குதிகால் தரையைவிட்டு எழுந்துவிட்டது. பாய்வதற்கு உடல் எடை முன்னே வந்துவிட்டது. அதன் பிறகே என் பையனின் கால் நீள்கிறது. அதற்கும் முன்னே, அரைக்கணம், அவன் வலக்கை எழுந்து பின் தயங்கித் தாழ்கிறது. ஆம், அவன் பார்த்துவிட்டான்! முன்னே சாய்ந்து வரும் ஆளைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். அதுவும் ஒரு புள்ளிதான். அவன் கையை நிறுத்தியது என் குரல்.

மீன்பிடித் துறைமுகத்தில் அவனைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். வலையைப் பிரித்துக்கொண்டே சொன்னான்: "பாத்தேண்ணே. அவன் குதிகாலைத் தூக்கிட்டான். நீங்க போனஸ்னு கத்துனீங்க. நீங்கதானே கேப்டன்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லிலிருந்து பிறந்தது.

நம் கல்லூரிகளில் ரைடருக்குப் பயிற்சி என்ற பெயரில் நாம் என்ன தருகிறோம்? ஓட்டம், தண்டால், காலை வீசுதல், முதுகால் தொடுதல், சங்கிலிக்குள் குனிந்து நுழைதல் என்று வித்தைகளைத் தருகிறோம். அவை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த வித்தையை எந்தக் கணத்தில் எடுப்பது என்பதை மட்டும் நாம் கற்பிப்பதே இல்லை. அதைக் கோட்டுக்கு வெளியே நின்று கத்திச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறோம். தேர்வுக்குக் குறிப்பு எழுதவைத்து மனப்பாடம் செய்யச் சொல்லுவதைப் போல! (இந்த உவமைக்குப் பேராசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும். என் துறையில் அப்படி இல்லை என்று எழுதிவிடுகிறேன். உள்மதிப்பெண் இன்னும் வரவில்லை.)

எனக்கு இதில் வழிகாட்டியது, யாரும் நினைத்துப் பார்க்க முடியாத ஓர் ஆட்டம். அமெரிக்காவில் வாழும் என் சித்தப்பா மகன் அனுப்பிய காட்சிகளால் அந்நாட்டுக் கால்பந்தைப் பார்க்கத் தொடங்கினேன். பெயர்தான் கால்பந்து; பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோளில் பெட்டி போன்ற காப்பு. முதலில் ஆட்டுக்கிடாய்ச் சண்டை என்றுதான் எண்ணினேன். அதில் 'டிரிப்பிள் ஆப்ஷன்' என்று ஒரு தாக்குதல் முறை உண்டு. மூன்று வழி ஆட்டம் என்று சொல்லலாம். அதைப் புரிந்துகொண்ட அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்த ஆட்டத்தில் அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருப்பவனை எதிரணியினர் மடக்க வருவார்கள். அவன் தோழர்கள் குறுக்கே நின்று உடம்பால் தடுக்கலாம். ஆனால் கணக்குப் பாருங்கள். எதிரிகள் பதினொருவர்; பந்து ஒருவன் கையில் இருப்பதால் தடுக்கக் கூடியவர்கள் பத்துப் பேரே. எப்போதும் ஓர் ஆள் குறைவு! பலமான அணிகள் இந்தக் குறையைப் பருத்த ஆட்களைக் கொண்டு ஈடுகட்டின. மெலிந்த அணி என்ன செய்யும்?

இந்த முறையைக் கண்டவர்கள் தலைகீழாக யோசித்தார்கள். எதிரணியில் இருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த இருவரைத் தடுக்கவேண்டியவர்கள் வேறிடத்துக்கு உதவப் போய்விடுகிறார்கள். தடுக்கப்படாத அந்த இருவரையும் தடுப்பது எது? பந்தை வைத்திருப்பவனின் கண்! குவார்ட்டர்பேக் என்னும் அவன், ஃபுல்பேக் என்னும் தோழனின் வயிற்றருகே பந்தை வைத்தபடியே, தடுக்கப்படாத முதல் ஆளைப் பார்க்கிறான். அவன் ஃபுல்பேக்கை நோக்கிப் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு தானே ஓடுகிறான். பாயாமல் நின்றால் பந்தைக் கொடுத்துவிடுகிறான். தானே ஓடினால் எதிரே இரண்டாவது ஆள் வருவான். அவன் தன்மேல் பாய்ந்தால் பக்கவாட்டில் ஓடிவரும் இன்னொரு தோழனுக்குப் பந்தை வீசிவிடுகிறான். அவன் அந்தத் தோழனைக் காவல் காத்தால் தானே முன்னேறுகிறான். எதிரி எதைச் செய்தாலும் அது பிழையாகவேண்டும். அதுதான் சூழ்ச்சி. எல்லாம் ஓரிரு விநாடிக்குள்.

ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பில் யோமன் 1960களின் நடுவில் இதை ஒரு வடிவில் நடத்திக் காட்டினார். 1968-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டாரல் ராயலின் உதவிப் பயிற்றுநராக இருந்த எமரி பெல்லார்டு என்பவர் 'விஷ்போன்' என்ற அணிவகுப்பை அமைத்தார். முதல் ஆட்டம் சமன். இரண்டாம் ஆட்டம் தோல்வி. நம் ஊராக இருந்தால் அன்றே அந்த முறையை மூட்டைகட்டியிருப்பார்கள். அவர்கள் செய்தது வேறு. ஃபுல்பேக்கைச் சற்றுப் பின்னே நகர்த்தி, குவார்ட்டர்பேக் பார்ப்பதற்கு இன்னும் இமைப்பொழுது நேரம் கொடுத்தார்கள். குவார்ட்டர்பேக்கையும் மாற்றினார்கள். முதலில் ஆடியவர் பில் பிராட்லி. ஊரே கொண்டாடிய வீரர். அவரிடமிருந்து எடுத்து ஜேம்ஸ் ஸ்ட்ரீட் என்பவரிடம் பந்தைக் கொடுத்தார்கள். பின்னர் அந்த அணி தொடர்ந்து முப்பது ஆட்டங்களில் வென்றது; 1969-இல் தேசிய வாகை சூடியது. பிராட்லி குறைந்தவர் அல்லர். தடுப்பாட்டத்துக்கு மாறிப் பின்னர்த் தொழில்முறை ஆட்டத்திலும் புகழ்பெற்றார். ஆனால் இந்த முறைக்கு வேண்டியிருந்தது வேறொரு திறமை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்த முறையைப் பிற்காலத்தில் விடாமல் போற்றியவை அந்நாட்டின் தரைப்படை, கடற்படை, விமானப்படைக் கல்லூரிகளின் அணிகள். அங்கே படிப்பவர்கள் நாளை அதிகாரிகளாகப் பணிபுரியவேண்டியவர்கள். 140 கிலோ எடையுள்ள ஆட்களைத் தேடிச் சேர்க்க அவர்களால் இயலாது. உடம்பில் குறைந்ததை முடிவெடுக்கும் பழக்கத்தால் நிரப்பினார்கள். 2022-இல் இடுப்புக்குக் கீழே தடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தபோது இந்த முறைக்குப் பெரும் இடர் ஏற்பட்டது. ஆயினும் 2024-இல் தரைப்படைக் கல்லூரி அணி அதன் வழிவந்த ஆட்டத்தையே ஆடித் தன் லீக்கின் பட்டத்தை வென்றது.

'அமெரிக்காவில் நடப்பதற்கும் அரசலாற்றங்கரைக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே பந்து உண்டு, தடுக்கத் தோழர்கள் உண்டு. கபடியில் ரைடர் தன்னந்தனியன். கையில் ஒன்றுமில்லை, மூச்சைத் தவிர. ஆகவே அந்த ஆட்டத்தின் அசைவுகள் நமக்கு வேண்டாம். அவர்கள் பயிற்சி தரும் முறைதான் வேண்டும்.

அவர்களுடைய பயிற்றுநர் மாணவனிடம், 'பதினொருவரையும் பார்' என்று சொல்வதில்லை. 'ஒருவனைப் பார். அவன் செய்வதற்கு எதிரானதைச் செய். பிறகு அடுத்த ஒருவனைப் பார்' என்கிறார். பயிற்சியில் தாமே அந்த எதிரியின் இடத்தில் நின்று, ஒருமுறை பாய்கிறார், மறுமுறை நிற்கிறார். மாணவன் நூறு முறை, ஆயிரம் முறை அதைப் பார்த்துப் பார்த்து முடிவெடுக்கிறான். ஆட்டத்தன்று வெளியிலிருந்து ஆட்டத்தின் பெயரைச் சொல்வார்களே தவிர, பந்து எவனிடம் போகவேண்டும் என்று சொல்லமாட்டார்கள். சொல்லவும் முடியாது.

இதை நம் களத்தில் பொருத்திப் பாருங்கள். ஆண்கள் கபடிக் களத்தில் ஒரு பாதி 6.5 மீட்டர் நீளம். மையக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் கோடு. அதற்கப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. முப்பது விநாடி நேரம். ஏழு பேர், பதினான்கு கைகள். அத்தனையையும் ஒருவன் கண்ணால் அளக்க முடியுமா? முடியாது. ஆனால் ஒரு கார்னரை அளக்கலாம். அவன் எடை குதிகாலில் இருந்தால் போனஸ் கோட்டில் கால். அவன் குதிகால் எழுந்தால் காலை நீட்டாதே; நீட்டுவதுபோல் காட்டி, அவன் பாய்ந்து வரும்போது கையால் தொட்டுத் திரும்பு. கார்னர் அசையாமல் பக்கத்துக் கவர் உள்ளே வந்தால், கார்னரை விட்டுவிடு. திரும்பிக் கவரைத் தொடு. மூன்று வழி, இரண்டு பார்வை. மூன்றும் அடைபட்டால் வெறுங்கையோடு திரும்பு. அதுவும் ஒரு முடிவே. தொடர்ந்து இரண்டு ரைடு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவதில் புள்ளி எடுத்தாக வேண்டும் என்ற விதி இருப்பதால் அதைக் கணக்கோடுதான் செய்யவேண்டும் என்பது வேறு.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'வலியறிதல்', 'காலமறிதல்', 'இடனறிதல்' என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அரசனுக்கு அவற்றை ஆற அமரச் சிந்திக்க நேரம் உண்டு, அமைச்சர் உண்டு. நம் ரைடர் மூன்றையும் மூச்சடக்கி, 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே செய்யவேண்டும்! ('கைப்பிடி' என்பதே 'கபடி' ஆயிற்று என்று சொல்வோர் உண்டு. தமிழ்த்துறை நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் அதற்குள் நான் நுழையவில்லை. எங்கள் தாத்தாமார்களுக்கு அது சடுகுடு.)

முடிவெடுப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு ஒரு சான்று போதும். 2023 அக்டோபரில் சீனத்தின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டின் ஆடவர் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28 எனச் சமநிலையில் இருந்தன. பவன் செராவத் பாடிப் போனார். எவரையும் தொடாமல் பக்கவாட்டு லாபிக்குள் அவர் கால் போயிற்று. ஈரான் வீரர்கள் அவரைத் தொடர்ந்து உள்ளே சென்றார்கள். யாருக்கு எத்தனை புள்ளி? நடுவர்கள் ஒன்று சொன்னார்கள், பின்னர் மாற்றிச் சொன்னார்கள், மீண்டும் மாற்றினார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. இறுதியில் 33-29 என இந்தியா வென்றது. விதிநூலைக் கையில் வைத்திருந்த பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்த இடத்தில், ஆடுபவனுக்கு அரை நிமிடம்!

அதற்கு முந்தைய ஆசிய விளையாட்டை நினைத்தால் மனம் கனக்கிறது. 1990-இல் பெய்ஜிங்கில் கபடி சேர்க்கப்பட்டது முதல் 2014 வரை ஏழு முறையும் ஆடவர் தங்கம் நமதே. 2018-இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் 18-27 எனத் தோற்றோம். அஜய் தாக்குர், பர்தீப் நர்வால், ராகுல் சௌத்ரி என்று புரோ கபடியின் பெரிய பெயர்கள் எல்லாம் அந்த அணியில் இருந்தன. அடுத்த நாள் மகளிர் அணியும் இறுதியில் ஈரானிடம் 24-27 எனத் தோற்றது. அந்த ஈரான் மகளிர் அணிக்குப் பயிற்சி தந்தவர் யார்? நம் மகாராட்டிரத்தைச் சேர்ந்த சைலஜா ஜெயின்! ஆட்டம் நம்முடையது, பயிற்றுநரும் நம்முடையவர், தங்கம் மட்டும் அவர்களுடையது. ஆட்டத்தைப் பிறப்புரிமையாக நினைப்பவனை, அதைப் பாடமாகக் கற்பவன் வெல்கிறான் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

என் கருத்துக்கு மறுப்பு உண்டு. மூத்த ஆட்டக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "பதினெட்டு வயசுப் பையன்கிட்ட முடிவ விட்டா ஆட்டம் உருப்படுமா தம்பி? சொன்னதச் செய்யச் சொல்லு, அதுதான் ஒழுக்கம்" என்றார். அவரை நான் மதிக்கிறேன். ஊர் ஊராய்ச் சென்று மண்ணில் ஆடி முழங்கால் தேய்ந்தவர். ஆயினும் அவருக்கு நான் சொல்லும் விடை இது. வெளியிலிருப்பவன் பார்ப்பது நேற்றைய செய்தி. நான் 'போனஸ்' என்று கத்தியபோது கார்னர் உண்மையிலேயே பின்னே நின்றான்; என் சொல் களத்தைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் அவன் முன்னே வந்துவிட்டான். நான் பொய் சொல்லவில்லை, பழையதைச் சொன்னேன். அந்தக் கணத்தின் உண்மை அவனுக்கு மட்டுமே தெரியும். அதை அறிந்தவனுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவனுக்கு அது தெரியாது. இதற்கு ஒழுக்கம் என்று பெயரிட என்னால் இயலவில்லை.

இன்னொரு மறுப்புக்கு எனக்கு முழு விடை கிடையாது. இந்த முறையில் பிழைகள் மிகும். அமெரிக்க ஆட்டத்திலும் பக்கவாட்டில் வீசிய பந்து தரையில் விழுந்து எதிரி எடுத்துக்கொள்வது உண்டு. பல பயிற்றுநர்கள் அதற்கஞ்சியே இம்முறையைத் தொடுவதில்லை. முடிவெடுக்கக் கற்கும் பையன் முதல் சில மாதங்கள் நிறையப் பிடிபடுவான். அவ்வளவு பொறுமை நமக்கு உண்டா? போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு ஆட்களைப் பொறுக்கி, ஜெர்சி வாங்கி, பேருந்து ஏறும் வழக்கம் உள்ளவரை இது நடவாது. வடகிழக்குப் பருவமழையில் மைதானத்தில் நீர் தேங்கும், கோடையில் களிமண் வெடிக்கும் என்ற காரணங்களை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தப் பயிற்சிக்கு முழுக்களமும் வேண்டாம். எட்டடி காய்ந்த மண் போதும்.

இவ்வாண்டு நாங்கள் சிலர் அதைத்தான் செய்து பார்க்கிறோம். மாலையில் இருபது நிமிடம். ஒருவன் கார்னராக நிற்பான், ஒருவன் கவராக. ஒருவன் பாடி வருவான். கார்னர் தன் விருப்பப்படி குதிகாலைத் தூக்குவான் அல்லது தூக்கமாட்டான். நாளொன்றுக்கு நாற்பது முறை. வெளியே நிற்பவர் எவரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் மைதானத்தை ஒரு சுற்று ஓடவேண்டும். முதல் வாரத்தில் அதிகம் ஓடியவன் நானே. ஒரு நோட்டில் இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறோம். ஒன்றில் 'பார்வை', மற்றதில் 'பலன்'. சரியாகப் பார்த்துச் சரியாக முடிவெடுத்தும் பிடிபட்டால் பார்வைக்குச் சரி என்று குறிப்போம். தவறாகப் பார்த்தும் அதிர்ஷ்டத்தால் புள்ளி வந்தால் பார்வைக்குத் தவறு. இந்த இரண்டாவதைக் குறிப்பதுதான் கடினமாக இருந்தது. புள்ளி எடுத்துச் சிரித்துக்கொண்டு வருபவனிடம் போய், "தவறு" என்று சொல்ல மனம் வரவேண்டுமே! அவனும் அதை ஏற்கச் சில நாள் ஆயிற்று.

அந்த நோட்டு இல்லாதிருந்தால் நான் பயிற்றுநர்களுக்கு அறிவுரை சொல்லத் துணிந்திருக்கமாட்டேன். நம் உடற்கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இவ்வளவே: ஆண்டு முழுவதும் வாரத்துக்கு மூன்று மாலை இந்தப் பயிற்சிக்கு இடம் தாருங்கள். ஆட்டம் முடிந்தபின் ரைடரிடம், 'ஏன் பிடிபட்டாய்?' என்று கேட்பதை விட்டு, 'என்ன பார்த்தாய்?' என்று கேளுங்கள். போட்டியன்று, ரைடர் மையக்கோட்டைக் கடந்தபின் அணித்தலைவன் உட்பட எவரும் கத்தக்கூடாது என்று ஒரு விதி செய்யுங்கள். அணித்தலைவன் உட்பட என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

பொங்கலையொட்டி அந்தப் பையனின் கிராமத்தில் கபடிப் போட்டி நடந்தது. கூம்பு ஒலிபெருக்கி, கம்பத்துக்குக் கம்பம் விளக்கு, கடல்மணல் கொட்டிய களம். நான் யாரிடமும் சொல்லாமல் போய்க் கூட்டத்தோடு நின்றேன். அவன் தன் ஊருக்காக ஆடினான். ஆட்டத்தின் முடிவில், இரண்டு ரைடு வெறுங்கையோடு போனபின், மூன்றாவது ரைடு அவன் தலையில் விழுந்தது. ஊரே எழுந்து நின்று 'போனஸ்' என்று கூவியது. ஒலிபெருக்கியும் கூவியது. நான் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கால் நீள்வதுபோல் நீண்டது. கார்னரின் குதிகால் எழுந்தது. நீண்ட கால் திரும்பியது. பாய்ந்து வந்தவனின் தோளில் அவன் கை பட்டது. தொட்டுவிட்டான்! ஆனால் திரும்பும் இரண்டாவது எட்டில் கவர் பக்கவாட்டிலிருந்து மோதி அவனை மணலில் சாய்த்தான். மையக்கோட்டுக்கு அவன் விரல் எட்டவில்லை. அவன் ஊர் தோற்றது. கூட்டத்தில் யாரோ, "போனஸ எடுக்கச் சொன்னா கேக்குறானா பாரு" என்றார்கள்.

மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். அருகே வந்தான். "என்னடா பாத்த?" என்றேன்.

"கார்னரப் பாத்தேண்ணே. கவரத்தான் பாக்கல."

பையிலிருந்த நோட்டை எடுத்தேன். விளக்குக் கம்பத்தின் கீழே நின்று அவன் பெயரைப் புதிதாக எழுதினேன். முதல் பார்வை: சரி. இரண்டாம் பார்வை: இல்லை. பலன்: பிடி. அவன் எட்டிப் பார்த்தான். "இது எத்தன மணிக்குண்ணே, பயிற்சி?" என்று கேட்டான். நாலரைக்கு என்றேன்.